தங்காள் வரும் இடம்

ஒற்றைத் திரை கொண்ட பழைய தியேட்டர்களில், படம் முடியப்போகிறது என்று முதலில் அறிவிக்கிறவர் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிடும் ஊழியர்தான். கோபி, சத்தியமங்கலம், தாராபுரம் என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இதுவே வழக்கமாக இருந்தது. வில்லன் விழுந்து, போலீஸ் ஜீப் வந்து நின்றதும், வாசலை மறைத்திருந்த கனத்த கறுப்புத் துணி ஒதுக்கப்படும். இரும்புத் தாழ்ப்பாள் உரசிக்கொண்டு விலகும். மதியக் காட்சியாக இருந்தால் வெயில் ஒரு பட்டையாக உள்ளே பாய்ந்து திரையின் ஒரு பாதியை வெளுக்க வைத்துவிடும். சைக்கிள் ஸ்டாண்டில் முந்திக்கொள்ள நினைப்பவர்கள் அதற்குள் எழுந்திருப்பார்கள். குடும்பம் முழுவதும் வரிசையாக நின்று நகைச்சுவை நடிகரின் கடைசிப் பேச்சுக்குச் சிரிப்பதையும், அதன்மேல் ‘வணக்கம்’ என்ற எழுத்து வந்து நிற்பதையும் அடுத்தவர் தோள்களுக்கு இடையில்தான் பார்க்க முடியும்.

அந்த ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே படத்தை நாளுக்கு நான்கு காட்சி பார்த்தவர் அவர். எந்த இடத்தில் கூட்டம் எழுந்திருக்கும், எந்த இடத்தில் கதவைத் திறந்தால் வசை விழும் என்பது அவருக்குத் தெரியும். சில படங்களுக்கு மட்டும் அவர் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். திரை இருண்டு, விளக்கெரிந்த பிறகுதான் தாழ்ப்பாளைத் தொடுவார். அந்தச் சில படங்களில் கடைசி நிமிடங்களுக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

சண்டை முடிவதும் படம் முடிவதும் ஒன்றல்ல. கதை ஒரு வழக்கைத் தொடங்கி வைக்கிறது: யார் கொன்றது, யார் யாரை மணப்பது, சொத்து யாருக்குச் சேருவது. அந்த வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்த உடனே எழுந்து போவதற்குப் பார்வையாளனுக்கு முழு உரிமை உண்டு. தீர்ப்புக்குமேல் அந்தப் படத்தில் ஒன்றுமில்லை என்றால் அவன் எழுந்ததே சரி. திடீர்த் திருப்பத்தை மட்டுமே நம்பி நிற்கும் படங்களும் இந்த வகையில்தான் சேரும் என்பது என் கட்சி. கடைசியில் ஓர் உண்மை உடைகிறது, அரங்கு மூச்சை இழுக்கிறது, வெளியே வந்து டீக்கடையில் நின்று வியக்கிறோம். ஆனால் அந்தத் திருப்பத்தால் மாறியது நம்முடைய கணக்கு மட்டுமே. திரையில் இருந்த மனிதர்களுக்குள் புதிதாக எதுவும் நேரவில்லை. அதனால் இரண்டாம் முறை பார்க்கும்போது, எங்கெங்கே தடயத்தை ஒளித்து வைத்தார்கள் என்று தேடுவதைத் தவிர நமக்கு வேலை இருப்பதில்லை.

முடிவு முன்பே தெரிந்திருப்பதால் அதன் வலு குறைந்துவிடாது என்பதற்குக் கொங்கு நாட்டில் வளர்ந்தவனுக்கு வெளியிலிருந்து சான்று தேவையில்லை. கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ரயில்வே வேலையை விட்டுவிட்டு டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கிய படம் காட்டும் கருவியோடு ஊர் ஊராகப் போய்க் காட்டியது ஏசுநாதரின் வாழ்க்கையை. அதைவிட முடிவு தெரிந்த கதை வேறு என்ன இருக்க முடியும்? பின்னாளில், 1914இல், கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டியவரும் அவரே. அவருக்கும் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே எங்கள் ஊர்களில் உடுக்கைப் பாட்டாக அண்ணன்மார் கதை இரவிரவாகப் பாடப்பட்டு வருகிறது. அண்ணன் பொன்னரும் தம்பி சங்கரும் கடைசியில் சாகப்போகிறார்கள் என்பது கேட்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தேதான் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். 1960களில் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் எழுதியதைப் படித்தபோது, நான் சிறுவயதில் அரைத் தூக்கத்தில் கேட்டவற்றின் அமைப்பு எனக்கு முதன்முறையாகப் புலப்பட்டது.

அந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போர் முடிகிறது; தம்பி தன் வாளில் தானே விழுகிறான்; அதைக் கண்ட அண்ணனும் அவ்வாறே உயிரை விடுகிறான். வழக்குத் தீர்ந்துவிட்டது. கதை அங்கே நின்றிருந்தால் அதை ஒரு வீரக்கதை என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகுதான் தங்கை அருக்காணி, எங்கள் ஊர் வழக்கில் தங்காள், வீட்டிலிருந்து புறப்படுகிறாள். காடு மேடெல்லாம் தேடி அலைந்து, அவர்கள் மாண்டு கிடக்கும் படுகளத்துக்கு வந்து சேர்கிறாள். பெரியகாண்டி அம்மனின் அருளால் அண்ணன்மார் சற்று நேரம் உயிர் பெற்று எழுகிறார்கள், அவளோடு பேசுகிறார்கள், பிறகு மறுபடியும் கிடக்கிறார்கள். இறந்தவர்களை எழுப்பி, நான்கு வார்த்தை பேசவைத்து, திரும்பவும் சாகவிடுகிறது இந்தக் கதை. கதைப்போக்குக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இழந்த நாடு திரும்பவில்லை, பகை தீரவில்லை, உயிரும் நிலைக்கவில்லை. ஆயினும் கூட்டம் காத்திருப்பது இந்த இடத்துக்காகத்தான்.

என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், போர்க்காட்சிகள் முழுவதும் தூங்குவார். கொம்பன் என்கிற காட்டுப்பன்றியைக் கொல்லும் இடத்தில், உடுக்கைச் சத்தம் காதைப் பிளக்கும்போதும், சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருப்பார். படுக்கும் முன் எனக்கு ஒரே ஒரு உத்தரவு மட்டும் உண்டு. “கண்ணு, தங்காள் வாறப்ப எழுப்பியுடு சாமி.” எழுப்ப வேண்டிய தேவை இருந்ததில்லை. அந்த இடம் நெருங்கும்போது பாடுகிறவர் உடுக்கையை விரல் நுனியால் மட்டும் தட்டத் தொடங்குவார். சத்தம் குறைந்ததுமே அம்மாயி எழுந்து உட்கார்ந்துவிடுவார். மாண்ட வீரர்களாக அருள்வந்து விழுந்தவர்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்தியிருப்பார்கள். தண்ணீர் தெளித்து அவர்கள் எழுப்பப்படும்வரை யாரும் வாய் திறப்பதில்லை.

தூக்கத்திலும் அவர் காத்திருந்தது எதற்காக என்று பின்னாளில் யோசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். வீரர்கள் செத்தது ஒரு செய்தி. அந்தச் செய்தி, அதனால் உடையக்கூடிய ஒருத்தியைப் போய்ச் சேரும்போதுதான் அது முடிவாகிறது. நேர்ந்ததை யார் கண்டார்கள், யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியாமலே போயிற்று என்கிற பங்கீட்டில்தான் ஒரு முடிவின் தரம் இருக்கிறது. சிலப்பதிகாரத்திலும் மதுரை எரிந்ததோடு கதை நின்றிருக்கலாம். ஆனால் இளங்கோ அதன்பின் வஞ்சிக் காண்டம் என்று ஒரு காண்டத்தையே வைத்து, கண்ணகி விண்ணேறியதை மலைக்குறவர் கண்டதையும், அவர்கள் வழியாகச் செங்குட்டுவன் கேட்டதையும் சொல்கிறார். அந்நூலின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரை, அதைக் கேள்வியுற்ற, கொங்கு நாட்டவரான கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் அவளுக்கு விழா எடுத்ததாகக் கூறுகிறது. எங்கள் நாட்டார் அந்தக் காப்பியத்துக்குள் நுழைவது இப்படி, முடிவைக் காதால் கேட்டுத் தாங்கிக்கொண்டவர்களாகத்தான்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’க்குப் போகலாம். 1982இல் வந்த அந்தப் படத்தின் இறுதிக் காட்சி எங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் பாதையில், குன்னூரைத் தாண்டி இருக்கும் கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது. நினைவிழந்து குழந்தையாகிவிட்ட விஜியைத் தாய்போல் பார்த்துக்கொண்டவன் சீனு. வைத்தியத்தில் அவளுக்குப் பழைய நினைவு திரும்பும்போது, இடையில் அவனோடு இருந்த நாள்கள் மொத்தமும் அழிந்துவிடுகின்றன. பெற்றோரோடு அவள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அடிபட்டு, சேறு அப்பி, நொண்டிக்கொண்டு அவன் வந்து சேர்கிறான்.

இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கமல்ஹாசனின் நடிப்பைப் பேசுகிறார்கள். அந்தப் படத்துக்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவன் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறான் என்பது. ரயில் போன பிறகு அவன் வந்திருந்தால் நாம் விதியை நொந்துகொண்டு எழுந்திருப்போம்; தாமதத்தால் பிரிந்தவர்கள் கதை நம் சினிமாவில் ஏராளம். இங்கே எதுவும் தாமதமாகவில்லை. அவள் ஜன்னலோரம் இருக்கிறாள், அவனைப் பார்க்கிறாள், அவன் சொல்வது அவள் காதிலும் விழுகிறது. தெரியவில்லை, அவ்வளவுதான். அவளைச் சிரிக்கவைக்க வீட்டில் ஆடிக்காட்டிய அதே குரங்காட்டத்தை அவன் நடைமேடையில் ஆடுகிறான். ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பார்க்கிறவளிடம்தான் அதைப் படிக்கும் எழுத்து அழிந்திருக்கிறது. நிலையத்தில் உள்ள மற்றவர்களுக்கு அவன் ஒரு பைத்தியக்காரன். அவன் யாரென்பதை அறிந்தவர்கள் அந்த இடத்தில் அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாம் மட்டுமே, நம்மால் வாய் திறக்கவும் முடியாது. தங்காள் படுகளத்துக்கு வருகிறாள், ஆனால் கிடப்பது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை என்று கதையை மாற்றிப் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி.

அந்த ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேறு எந்தப் பாதையில் எடுத்திருந்தாலும் வண்டி புறப்பட்ட சில நொடிகளில் காட்சி முடிந்திருக்கும். மலை ரயில் ஒரு மனிதன் கூடவே ஓடிவரக்கூடிய வேகத்தில் நகர்கிறது. நொண்டிக்கொண்டே அவன் ஒவ்வொரு ஜன்னலாகத் தொடரவும், நினைவூட்ட இன்னொரு முயற்சி செய்யவும், அதுவும் தோற்கவும் அந்த வேகம் இடம் கொடுக்கிறது. பாடகர் உடுக்கையை விரல் நுனியால் தட்டியதுபோல, ஒளிப்பதிவாளராகவும் இருந்த இயக்குநர் அந்த நீராவி வண்டியின் மெதுவான ஓட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார் என்றே நினைக்கிறேன். இன்றும் கேத்தியில் இறங்குகிறவர்கள் அந்த நடைமேடையில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பாதிப்பேர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’. பேசும்படங்கள் வந்துவிட்ட பிறகும் 1931இல் அவர் பிடிவாதமாகப் பேசாப்படமாக எடுத்தது அது. கண் தெரியாத பூக்காரிக்குச் சிகிச்சைக்குப் பணம் கொண்டுவந்து கொடுத்த நாடோடி, அதன் காரணமாகவே சிறை சென்று கந்தலாகத் திரும்புகிறான். இப்போது அவளுக்குக் கண் தெரியும். அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு பூவையும் காசையும் நீட்டுகிறாள். கண்ணால் அடையாளம் தெரியாதவனை, காசை உள்ளங்கையில் வைக்கும்போது அவள் விரல்கள் அறிந்துகொள்கின்றன. பார்வை வந்த பிறகும் பழைய குருட்டு விரல்கள்தான் உண்மையைச் சொல்கின்றன என்பதில் உள்ள குறும்பும் வேதனையும் சாப்ளினுக்கே உரியவை. அவள் அவனை ஏற்றுக்கொண்டாளா என்று படம் சொல்வதில்லை. தெரிந்துவிட்டது என்ற அளவில் அவர் நிறுத்திக்கொள்கிறார். கல்யாணமா இல்லையா என்ற வழக்கு அப்படியே கிடக்கிறது, நமக்கு அதைப் பற்றிக் கேட்கவும் தோன்றுவதில்லை.

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தைக் கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலில் முதன்முதலில் பார்த்தேன். சைக்கிளைப் பறிகொடுத்துத் தேடி அலுத்த தகப்பன், கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருட முடிவு செய்கிறான். அதற்கு முன் மகனிடம் காசு கொடுத்து டிராமில் ஏறிப் போகச் சொல்கிறான். பையன் டிராமைத் தவறவிடுகிறான். படத்தின் எல்லா வேலையும் அந்தத் தவறிய டிராமில்தான் நடந்திருக்கிறது. பையன் போயிருந்தால் தகப்பன் பிடிபட்டதும் அடிபட்டதும் ஊரில் யாரோ ஒருவனுக்கு நேர்ந்த அவமானமாக முடிந்திருக்கும். பையன் பார்த்துவிட்டான். சைக்கிளுக்குச் சொந்தக்காரரும் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துத்தான் தகப்பனை விட்டுவிடுகிறார். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக நடக்கும்போது பையன் தகப்பனின் கையைப் பற்றிக்கொள்கிறான். சைக்கிள் கிடைத்ததா என்று எங்கள் வரிசையில் யாரும் கேட்கவில்லை.

கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கி 1992இல் வந்த ‘தேவர் மக’னைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பொள்ளாச்சிப் பக்கத்தில் எடுத்த படம் அது. தமிழ்நாட்டின் எந்த ஊராகவும் வேஷம் போடத் தயாராக நிற்கும் அந்தத் தென்னந்தோப்புகளைப் பார்த்தாலே எங்களுக்கு ஒரு சொந்தக்காரச் சிரிப்பு வரும். கொலை நடந்த பிறகு, பழியைத் தாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஊரார் முன்வர, நாயகன் சக்தி மறுத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகிறான். கடைசி ரீலில் உபதேசம் செய்கிற படங்கள் எனக்குப் பொதுவாக ஒவ்வாது. இங்கே அதைச் சகித்துக்கொள்ள முடிவதற்குக் காரணம், சொல்கிறவன் கை இன்னும் காயாத ரத்தத்தோடு இருப்பதும், கேட்கிறவர்கள் எல்லோரும் அதைக் கண்ணால் கண்டவர்களாக இருப்பதும்தான். யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடலாம் என்ற வசதியை அவன் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் படத்துக்கு முடிவே இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பேச்சில் பாதியைக் குறைத்திருக்கலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்து முடிகிற இன்றைய படங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே எனக்கு விருப்பமில்லை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தவனுக்குக் கடைசியில் ஒரு புதிய வில்லனின் முதுகைக் காட்டி அனுப்புகிறார்கள். வீட்டில் பார்த்தாலோ, முகம் மறைவதற்குள் அடுத்த படத்தின் விளம்பரம் ஓரத்தில் வினாடிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. கதவைத் திறந்த எங்கள் ஊழியரிடமாவது ஒரு விமர்சனப் பார்வை இருந்தது.

முடிவுகளில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால், மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) என்று தயங்காமல் சொல்வேன். வின்ச் என்கிற இழுவை வண்டியை இயக்கும் காளிக்கு, தனக்கு மேலதிகாரியாக வந்த எஞ்சினியரைக் கண்டாலே ஆகாது. லாரி ஏறி ஒரு கை போன பிறகு வெறுப்பு இன்னும் இறுகிவிடுகிறது. தங்கை வள்ளியோ அந்த எஞ்சினியரையே மணக்கப் போகிறாள். ஊரே கூடிக் கல்யாணத்துக்கு நடந்துபோகும்போது காளி குறுக்கே தனியாக நிற்கிறான். அவள் ஊர்வலத்தை விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவந்துவிடுகிறாள். தன்னைவிட இந்த உலகில் அவளுக்கு வேறு யாரும் பெரிதில்லை என்பதை ஊர் பார்த்துவிட்டது. அவனுக்கு அது போதும். அந்த நிறைவிலேயே அவளை எஞ்சினியருக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறான். சம்மதிக்கும்போதும், உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். மனம் மாறிய அண்ணனாக ஆக்கி அவனை நல்லவனாக்காமல் விட்டது மகேந்திரனின் பெரிய நேர்மை. வழக்கு அவனுக்கு எதிராகத் தீர்ந்தது, குணம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது. இதைவிடச் சிக்கனமாக ஒரு மனிதனைக் கதையிலிருந்து வெளியே அனுப்ப முடியுமா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் என் அக்கா மகளிடம் பெருமையாகச் சொல்லி, போன பொங்கல் விடுமுறையில் அந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஈரோட்டில் கல்லூரியில் படிக்கிறவள். கடைசிக் காட்சி முடியும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாமா, அவ எதுக்கு அவருகிட்ட ஓடியாரோணும்? ஊர்வலம் பாட்டுக்குப் போகோணும், அவரு அங்கயே நிக்கோணும். அதானுங் முடிவு” என்றாள். அப்படி எடுத்தால் காளியின் சம்மதத்துக்கு அர்த்தமே இருக்காது என்றேன். அர்த்தம் இருக்கக் கூடாது என்பதுதான் அவள் வாதம். கல்யாணம் செய்துகொள்கிறவள் ஒருத்தி, சம்மதம் சொல்கிறவன் ஒருவன், அதைக் கண்டு கண்கலங்குவது ஊர் என்ற ஏற்பாட்டை அவளால் ஏற்க முடியவில்லை. யார் அறிந்துகொள்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அறிவதற்காக யார் நடந்து வர வேண்டியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதில்லை. அவள் சொல்கிறபடி எடுத்திருந்தால் அது வேறு படம்; காளி தான் தோற்றதைத் தனியாக நின்று தெரிந்துகொள்கிற, இன்னும் கடுமையான படம். மகேந்திரனின் படத்தை அதற்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்றாலும், அந்த இன்னொரு படத்தையும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அவள் விடுவதாக இல்லை. “அண்ணமாரு கதையிலயும் தங்காதான் நடந்து போறா, இதுலயும் தங்கச்சிதான் ஓடியாறா. அண்ணங்காரன் எப்பத்தானுங் மாமா நடப்பான்?”

மூன்றாம் பிறையில் ஓடுகிறவன் சீனுதானே என்றேன்.

“அவன் அண்ணனுங்களா?” என்று கேட்டுவிட்டு, ரிமோட்டை எடுத்து அடுத்த படத்தைத் தேடத் தொடங்கிவிட்டாள்.